மஞ்சள் பறவைக்குள்ளே ஒரு மனுஷன்

என்னிடம் யாராவது தெரியாத்தனமாக, "உங்களுக்குப் பிடித்த நடிகர் யார்?" என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு அவர் வீடு போய்ச் சேர நேரமாகும். கேரல் ஸ்பின்னி என்பேன். முழிப்பார். போனை எடுத்து, எட்டடி இரண்டங்குல உயரத்தில் மஞ்சளாக நிற்கும் அந்தப் பறவையைக் காட்டுவேன். "இது செசமி ஸ்ட்ரீட் பொம்மையாச்சே, நடிகர் எங்கே?" என்பார். "உள்ளே!" என்பேன். அங்கே ஆரம்பிக்கும் என் கச்சேரி. கல்யாண வீடுகளில் என்னைக் கண்டாலே சொந்தக்காரர்கள் பந்தி மாறி உட்காருகிறார்கள். அவர்கள் தப்பித்துக்கொள்ளட்டும். இன்றைக்கு நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

1969 நவம்பர் 10 அன்று அமெரிக்காவில் செசமி ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் டிவி நிகழ்ச்சி முதன்முதலாக ஒளிபரப்பானது. அன்று தொடங்கி 2018 அக்டோபரில் ஓய்வு பெறும் வரைக்கும், கிட்டத்தட்ட ஐம்பது வருஷம், பிக் பேர்ட் என்ற அந்த மஞ்சள் பறவை ஸ்பின்னிதான். நிகழ்ச்சி நடக்கும் தெருவில் குப்பைத்தொட்டிக்குள் குடியிருந்துகொண்டு வருகிறவன் போகிறவனையெல்லாம் திட்டித் தீர்க்கும் ஆஸ்கரும் அவரேதான். உலகத்திலேயே வெள்ளந்தியான குழந்தை ஒன்று, உலகத்திலேயே சிடுமூஞ்சி ஒன்று. இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வந்தன என்று தெரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மிகைப்படுத்தவில்லை, நிஜமாகவே உட்கார்ந்து மாற்றி மாற்றி இரண்டு பேரின் காட்சிகளையும் ஓடவிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பறவை எப்படி இயங்கியது என்று சொல்கிறேன், கேளுங்கள். ரிமோட் கிடையாது, உள்ளே மோட்டார் கிடையாது. மஞ்சள் சாயம் ஏற்றிய ஆயிரக்கணக்கான வான்கோழி இறகுகள் போர்த்திய உடைக்குள் ஸ்பின்னி நிற்பார். வலது கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கியிருப்பார். அந்தக் கைதான் பறவையின் கழுத்து. விரல்களும் கட்டைவிரலும் அலகு. சுண்டுவிரல் ஒரு சின்ன நெம்புகோலில் மாட்டியிருக்கும், அதுதான் கண்ணிமைகளை அசைக்கும். ஆச்சரியத்தில் கண் விரிவது, சந்தேகத்தில் பாதி மூடுவது, தூக்கத்தில் சொருகுவது எல்லாம் ஒரு சுண்டுவிரலின் வேலை! பறவையின் தலை மட்டும் சுமார் இரண்டு கிலோ. நகர பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தபடி தாம்பரத்திலிருந்து பாரிமுனை வரை நின்று போனவர்களுக்குக் கை என்ன பாடுபடும் என்று தெரியும். இவருக்குப் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை. அந்தக் கையாலேயே சிரிக்க வேண்டும், அழ வேண்டும், பாட்டுக்கு வாயசைக்க வேண்டும்.

இடது கை பறவையின் இடது இறக்கைக்குள். அப்படியென்றால் வலது இறக்கை? அதற்குள் கையே இல்லை, வெறும் பஞ்சு. இடது மணிக்கட்டிலிருந்து ஒரு மீன்பிடி நரம்பு கிளம்பி, பறவையின் கழுத்தடியில் ஒரு வளையம் வழியாகப் போய், வலது இறக்கையில் கட்டியிருக்கும். இடது கை கீழே இறங்கினால் வலது இறக்கை மேலே வரும், இடது ஏறினால் வலது இறங்கும். இது தெரிந்தபிறகு பழைய காட்சிகளைப் பாருங்கள். அந்த வலது இறக்கை எத்தனை பவ்யமாக, எத்தனை கச்சிதமாக இடது கைக்குப் பதில் சொல்கிறது! ஒரு துண்டு நரம்பை வைத்துக்கொண்டு மனுஷன் ஒரு முழு உடம்பையே நம்ப வைத்திருக்கிறார்.

இதெல்லாம் பெரிதில்லை என்று தோன்றவைக்கும் சங்கதி ஒன்று இருக்கிறது. உள்ளே இருப்பவருக்கு வெளியே எதுவும் தெரியாது. எட்டிப்பார்க்க ஓட்டை கிடையாது. நெஞ்சில் ஒரு குட்டி டிவியைக் கட்டிக்கொண்டிருப்பார். கேமரா எதைப் பார்க்கிறதோ அது அந்தத் திரையில் தெரியும். அதாவது, தான் எங்கே நடக்கிறோம் என்பதை வீட்டில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளன் கண்ணால்தான் அவர் பார்த்தார். வசனத் தாள்களும் உள்ளேயே ஒட்டியிருக்கும். ஒரு கண் வசனத்தில், ஒரு கண் டிவியில், கை மேலே, கால் கீழே எங்கோ. இந்த லட்சணத்தில் அந்தப் பறவை ரோலர் ஸ்கேட் எல்லாம் ஓட்டியிருக்கிறது.

அந்த டிவியில் இன்னொரு வில்லங்கம். கண்ணாடியில் நாம் வலது பக்கம் நகர்ந்தால் பிம்பமும் அதே பக்கம் நகரும். கேமரா படத்தில் அப்படி இல்லை, எதிர்ப்பக்கம் போகும். இதை நான் வீட்டில் செய்து பார்த்தேன். போனின் பின்பக்கக் கேமராவை டிவியோடு இணைத்து, கையில் ஒரு பழைய சாக்ஸை மாட்டி, அதற்கு இரண்டு சட்டைப் பொத்தான் கண்கள் ஒட்டி, சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கையைத் தூக்கினேன். திரையைப் பார்த்தபடியே சாக்ஸை இடது பக்கம் கொண்டுபோக நினைத்தால் அது சட்டமாக வலது பக்கம் போகிறது. திருத்தப் போனால் இன்னும் தள்ளிப் போகிறது. ஓரிடத்தில் நிறுத்திப் பேச வைக்கலாம் என்று, "அம்மா" என்று சொல்ல வைத்தேன். 'அ'வுக்குத் திறந்து, 'ம்'முக்கு மூடி, 'மா'வுக்கு மறுபடி திறக்க வேண்டும். திறக்கும்போது கட்டைவிரல்தான் கீழே இறங்க வேண்டும், மற்ற விரல்கள் மேலே எகிறக்கூடாது. எகிறினால் தாடை அசைவதற்குப் பதில் மண்டை பின்னால் கவிழும். நமக்கோ எகிறத்தான் வருகிறது. சோபாவில் உட்கார்ந்திருந்த அக்கா மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, அது ஏன் மோட்டுவளையையே பாக்குது? அதுக்கு உடம்பு சரியில்லையா?"

பாருங்கள், குழந்தை முதலில் கவனித்தது பார்வையைத்தான். மணிக்கட்டு ஒரு அரை அங்குலம் பின்னால் சாய்ந்தால் போதும், பொம்மைக்கு உயிர் போய்விடும். எதிரே நிற்கிற ஆளின் கண்ணைப் பார்க்கிறது என்று நமக்குத் தோன்றும் வரைக்கும்தான் அது உயிரோடு இருக்கிறது. ஸ்பின்னியின் பறவை ஒருநாளும் மோட்டுவளையைப் பார்த்ததில்லை. ஒரு குழந்தை பேசினால் தலை மெல்லச் சாய்ந்து குனிந்து அந்தக் குழந்தையின் முகத்தில் போய் நிற்கும். இத்தனைக்கும் அந்தக் குழந்தையை அவர் நேரில் பார்க்கவே இல்லை, நெஞ்சுக்கு முன்னாலிருக்கும் பொடி டிவியில் பார்க்கிறார்! எழுதும்போதே சிலிர்க்கிறது.

ஸ்பின்னி 1933 டிசம்பர் 26-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்தம் நகரில் பிறந்தவர். கேரல் என்றால் கிறிஸ்துமஸ் பாட்டு; கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பிறந்ததால் அம்மா அந்தப் பெயரை வைத்தார். எட்டு வயதில் ஐந்து சென்ட் கொடுத்து ஒரு குரங்கு பொம்மை வாங்கி, டிக்கெட் போட்டு ஆட்டம் காட்டிக் காசு பார்த்த ஆள். பொம்மைகள் செய்து கொடுத்து ஊக்கம் கொடுத்ததும் அம்மாதான். பிறகு விமானப்படை, அப்புறம் 1960-களில் பாஸ்டனில் போஸோ கோமாளி நிகழ்ச்சி. அதில் சிங்க வேஷம் கட்டிக்கொண்டு குழந்தைகளின் பெயர் எழுத்துகளையே ஓவியமாக மாற்றிக் காட்டுவாராம். படம் வரைவதில் மன்னன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

1969-ல் சால்ட் லேக் சிட்டியில் பொம்மலாட்டக்காரர்கள் மாநாடு. பின்னால் சினிமாத் திரையில் கார்ட்டூன் ஓட, அதற்கேற்ப முன்னால் பொம்மைகள் ஆடுவதாக ஒரு புதுமையான நிகழ்ச்சியை ஸ்பின்னி தயார் செய்து கொண்டுபோனார். மேடையில் யாரோ பெரிய விளக்கைப் போட்டுவிட, திரையில் ஓடிய படம் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. நிகழ்ச்சி சொதப்பல். வாய்க்கு வந்ததைப் பேசி ஒப்பேற்றியிருக்கிறார். கூட்டத்தில் இருந்தவர் யார் தெரியுமா? மப்பெட் பொம்மைகளைப் படைத்த ஜிம் ஹென்சன். பின்மேடைக்கு வந்து, நீங்கள் செய்ய நினைத்தது எனக்குப் பிடித்திருந்தது என்றாராம். செய்ததை விட்டுவிட்டு, செய்ய நினைத்ததைப் பார்க்கிற கண் எத்தனை பேருக்கு வாய்க்கும்! அந்த மாநாட்டிலிருந்துதான் செசமி ஸ்ட்ரீட் வேலை வந்தது. பறவையின் உருவத்தை ஹென்சன் வரைய, கெர்மிட் லவ் என்பவர் அதைக் கட்டி முடித்தார்.

வந்த புதிதில் சம்பளம் நியூயார்க் வாழ்க்கைக்குக் காணாது. விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று ஸ்பின்னி யோசித்த காலம் உண்டு. இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் பார் என்று நிறுத்தி வைத்தவர் கெர்மிட் லவ். அவருக்கு ஒரு கோயில் கட்டினாலும் தகும்.

ஏனென்றால் அதற்குப் பிறகு ஸ்பின்னி செய்த காரியம் அப்படி. ஆரம்பத்தில் பிக் பேர்ட் ஒரு அசட்டுப் பட்டிக்காட்டான். தடுக்கி விழுவான், ஏமாறுவான், நாம் சிரிப்போம், அவ்வளவுதான். ஸ்பின்னிதான், இவன் முட்டாள் இல்லை, இவன் குழந்தை என்று சொன்னார். அந்த ஒரு யோசனையில் எல்லாமே மாறிவிட்டது. எட்டடி உடம்புக்குள் ஆறு வயது மனசு. தெரியாததைக் கேட்கும், தப்பாகச் சொல்லும், பயப்படும், கோபித்துக்கொள்ளும். பார்க்கிற பொடிசுகளுக்கெல்லாம் அது தங்களில் ஒருத்தன் ஆகிவிட்டது. 1970 நவம்பரிலேயே டைம் பத்திரிகையின் அட்டையில் அந்தப் பறவை வந்துவிட்டது. இந்தப் பாத்திரத்துக்குக் குரலும் உடம்பும் கொடுத்தது மட்டும் அவர் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வயதையும் மனசையும் கொடுத்தவரும் அவரே.

ஆஸ்கருக்குக் குரல் கிடைத்த கதை அதைவிட ரசமானது. அந்தப் பாத்திரத்தை முதல் தடவை செய்யப் போகிற நாளன்று ஸ்பின்னி டாக்சியில் ஏறினார். டிரைவர் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பக்கத்து ஆள். எங்கேய்யா போகணும் என்று உறுமினார். அவ்வளவுதான், ஸ்டூடியோ போய்ச் சேரும் வரை ஸ்பின்னி அந்த உறுமலையே முணுமுணுத்துப் பழகிக்கொண்டு போனார். ஹென்சன் குப்பைத்தொட்டியைத் தட்டினார். உள்ளேயிருந்து டாக்சி டிரைவர் குரலில் ஒரு அதட்டல் கிளம்பியது. இது போதும் என்று ஹென்சன் ஒப்புக்கொண்டார். அப்போது ஆஸ்கர் ஆரஞ்சு நிறம், அடுத்த வருஷம்தான் பச்சையானான். டாக்சியை ஓட்டிய புண்ணியவானுக்குத் தன் குரல் ஐம்பது வருஷம் டிவியில் ஓடப்போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

இப்போது 1983-க்கு வருகிறேன். இதைச் சொல்வதற்காகத்தான் இத்தனை நேரம் இழுத்தேன்.

செசமி ஸ்ட்ரீட்டில் ஹூப்பர் தாத்தா என்று கடைக்காரர் ஒருவர். நடித்தவர் வில் லீ. 1982 டிசம்பரில் அவர் நிஜமாகவே காலமானார். வேறு ஆளைப் போடலாம், ஊருக்குப் போய்விட்டார் என்று கதை விடலாம். தயாரிப்பாளர்கள் அப்படிச் செய்யவில்லை. குழந்தை மனநல நிபுணர்களைக் கலந்துகொண்டு, இறந்துவிட்டார் என்பதை இறந்துவிட்டார் என்றே குழந்தைகளுக்குச் சொல்லத் தீர்மானித்தார்கள். தூங்கிவிட்டார், போய்விட்டார் என்ற மழுப்பல் எதுவும் வேண்டாம் என்று முடிவு. 1983 நவம்பர் 24, அமெரிக்காவில் நன்றி தெரிவிக்கும் நாள். குடும்பம் முழுக்க வீட்டில் கூடியிருக்கும் விடுமுறை நாளாகப் பார்த்து ஒளிபரப்பினார்கள்.

பெரியவர்கள் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். பிக் பேர்ட் ஒவ்வொருவருக்கும் தான் வரைந்த உருவப்படத்தைக் கொடுத்துக்கொண்டு வருகிறது. உற்சாகம் தாங்கவில்லை அதற்கு. கடைசிப் படம் ஹூப்பர் தாத்தாவுடையது. அவர் எங்கே, கொடுக்க வேண்டுமே என்கிறது. பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அவர் இறந்துவிட்டார் என்று ஏற்கெனவே சொன்னோமே என்கிறார்கள். ஓ, சரி, திரும்பி வந்ததும் கொடுக்கிறேன் என்கிறது பறவை. வரமாட்டார், செத்தவர்கள் திரும்பி வருவதில்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்போது அந்தத் தலையைப் பாருங்கள். ரொம்பக் குறைவான அசைவு. அலகு கொஞ்சம் தாழ்கிறது, தலை ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் திரும்புகிறது. இனி எனக்கு யார் கதை சொல்வார்கள் என்கிறது. ஏன் இப்படி நடக்க வேண்டும் என்று கேட்கிறது. காரணம் சொல்ல யாருக்கும் தெரியவில்லை, இப்படித்தான், அவ்வளவுதான் என்கிறார்கள். அந்தப் பறவைக்கு எப்போதும் ஹூப்பர் என்று வாயில் வராது, லூப்பர் என்றுதான் கூப்பிடும், தாத்தா சலித்துக்கொண்டு திருத்துவார். வருஷக்கணக்காக ஓடிய நகைச்சுவை அது. இந்தக் காட்சியிலும் பறவை லூப்பர் என்கிறது. திருத்த அவர் இல்லை. இன்னொருவர் தொண்டை அடைக்கத் திருத்துகிறார். அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவர்கள் அழுதது நடிப்பே இல்லை, தங்கள் நண்பருக்காக அழுதார்கள்.

படங்களை யார் வரைந்தது? மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே. அந்த உருவப்படங்கள் எல்லாம் ஸ்பின்னி கைப்பட வரைந்தவை. உள்ளே இருளில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவர், தான் வரைந்த நண்பரின் படத்தைத் தானே பறவையின் இறக்கையால் நீட்டுகிறார். இதற்கு மேல் ஒரு நடிகரிடம் என்ன சார் கேட்பீர்கள்?

சினிமாவுக்கும் போனார். 1985-ல் வந்த 'ஃபாலோ தட் பேர்ட்' படத்தில் சர்க்கஸ் மோசடிக்காரர்கள் பிக் பேர்டைப் பிடித்து நீலச் சாயம் பூசிக் கூண்டில் அடைத்துவிடுகிறார்கள். அந்தப் படம் முழுசாகச் சரியில்லை, நடுவில் கொஞ்சம் இழுக்கும். நீலப் பறவை கூண்டுக்குள் பாடும் இடம் மட்டும் என்னை ஒவ்வொரு தடவையும் கலங்கடிக்கும். அதற்கு முன்பே நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்போடு சீனாவுக்குப் போய்வந்து, 1983-ல் 'பிக் பேர்ட் இன் சைனா' என்று தனிப்படமே எடுத்தார்கள். அந்த உடையைச் சுமந்துகொண்டு அத்தனை தூரம்!

விண்வெளிக்கும் கூட அவர் பெயர் அடிபட்டது. பிக் பேர்டை விண்கலத்தில் அனுப்பலாமா என்று நாசா தரப்பிலிருந்து செசமி ஸ்ட்ரீட்டுக்குப் பேச்சு வந்தது. இந்தப் பெரிய உடைக்கு உள்ளே இடம் ஏது? யோசனை கைவிடப்பட்டது. பிறகு ஆசிரியை ஒருவரை அழைத்துப்போனார்கள். 1986 ஜனவரி 28 அன்று, கிளம்பிய 73-வது வினாடியில் சிதறிய சேலஞ்சர்தான் அந்த விண்கலம்.

ஹென்சன் 1990 மே மாதம் 53 வயதில் திடீரென்று போய்விட்டார். நியூயார்க்கில் செயின்ட் ஜான் பேராலயத்தில் நினைவுக்கூட்டம். அந்த மஞ்சள் பறவை தனியாக நடந்து வந்து, ஹென்சனின் தவளைப் பொம்மையான கெர்மிட் பாடிப் புகழ்பெற்ற, பச்சை நிறமாக இருப்பதைப் பற்றிய பாட்டைப் பாடியது. பாடி முடித்து மேலே பார்த்து, கெர்மிட்டுக்கு நன்றி சொன்னது. அந்தப் பதிவு இணையத்தில் இருக்கிறது. தன்னைக் கண்டெடுத்தவரின் சாவில், முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட ஒரு கை ஓய்வில்லாமல், உள்ளே நின்று சுதி பிசகாமல் பாடிய மனுஷனை நினைத்தால் எனக்குப் பேச்சு வராது.

பெயர்? அது பறவைக்குத்தான் போனது. 1994-ல் ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரம் பதித்தார்கள், அதில் பிக் பேர்ட் என்றுதான் பொறித்திருக்கிறது. தெருவில் நடந்தால் ஸ்பின்னியை யாருக்கும் தெரியாது. அவருக்கு அதில் குறையிருந்ததாகத் தெரியவில்லை. ஒருமுறை ஒரு பல்கலைக்கழகத்தில் காவலில் விட்டுப்போன உடையை மாணவர்கள் இறகு பிடுங்கி நாசம் செய்தபோது, தன் பிள்ளையே செத்துக் கிடப்பது போல அழுதிருக்கிறார். தன் பெயர் தெரியாததற்கு அழாத ஆள், பறவையின் இறகுக்கு அழுதார்.

உடம்பு தள்ளாடத் தொடங்கியதும் 2015-ல் பறவை உடையை அணிவதை நிறுத்திக்கொண்டு குரல் மட்டும் கொடுத்தார். உடைக்குள் போனவர் மேட் வோகல், பல வருஷம் அவரிடமே பயின்றவர். 2018-ல் குரலையும் ஒப்படைத்துவிட்டு விடைபெற்றபோது ஸ்பின்னிக்கு 84 வயது. 2019 டிசம்பர் 8 அன்று கனெக்டிகட்டில் காலமானார்.

டிவி உலகம் கண்ட முதல்தர நடிகர்களின் பட்டியலை நான் போட்டால் இவர் பெயர் முதல் வரிசையில் வரும். முகத்தைக் காட்டாமல், நிற்குமிடம் தெரியாமல், தூக்கிய கையோடு அவர் செய்ததைப் பாதி அளவுக்குச் செய்ய, முகம் காட்டி நடிக்கும் எத்தனையோ பேரால் முடியாது. குழந்தைகள் நிகழ்ச்சிதானே என்று தள்ளிவிடாதீர்கள். 2014-ல் வந்த 'ஐ ஆம் பிக் பேர்ட்' ஆவணப்படத்தை முதலில் பாருங்கள். அடுத்து ஹூப்பர் தாத்தா காட்சி. ஆங்கிலம் வேகமாகத் தோன்றினால் ஒலியை அணைத்துவிட்டுத் தலையை மட்டும் கவனியுங்கள், அதுவே எல்லாம் சொல்லும். வீட்டில் ஐந்தாறு வயதுப் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு பாருங்கள்.